கிரீஸ் டப்பாவில் போட்ட சீட்டு

மூடியில் உளியால் வெட்டிய ஒரு துளை, பக்கத்தில் சின்னப் பூட்டு. காலி கிரீஸ் டப்பாதான். ஆனால் ஓசூரில் நான் வேலை பார்த்த தொழிற்சாலையின் ஸ்டோர்ஸில் அதற்கு ஓட்டுப்பெட்டியின் மரியாதை இருந்தது. இங்கிலாந்தில் ஆடும் கால்பந்து வீரர்களில் பதினொரு பேரைப் பொறுக்கி, ஒருவரைக் கேப்டனாக்கி, சனிக்கிழமை மதியச் சாப்பாடு முடிவதற்குள் சீட்டில் எழுதி அதில் போட வேண்டும். நிஜ ஆட்டத்தில் அவர்கள் கோல் அடித்தால் நமக்குப் புள்ளி. கேப்டன் அடித்தால் இரட்டிப்பு. வருடக் கடைசியில் அதிகப் புள்ளி சேர்த்தவருக்கு ஒரு எவர்சில்வர் கோப்பை. விழுந்த சீட்டைத் திரும்ப எடுக்க முடியாது. ஸ்டோர்ஸ் பொறுப்பாளரை எல்லோரும் பாய் என்போம்; சாவி அவரிடம். திங்கட்கிழமைதான் திறப்பார்.

இரண்டாயிரங்களின் தொடக்கம் அது. எந்த வீரருக்குக் காலில் அடி, யார் ஆடமாட்டார் என்பதெல்லாம் மற்றவர்களுக்குப் பேப்பரில் வந்தால் உண்டு. டெஸ்பாட்ச் பிரிவில் என் மேஜையில் மட்டும் இணையம் இருந்தது. முதல் வருடம் நான்தான் ஜெயித்தேன். "ஆட்டத்தப் பாக்காமலே சொல்றான்யா" என்று கேண்டீனில் வியந்தார்கள். நானும் பெரிய ஞானி மாதிரி தலையாட்டிக்கொண்டேன். நினைத்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது, அப்போது இனித்தது.

அடுத்த வருடம், கடைசிச் சனிக்கிழமை. பாய் என்னைவிடக் கொஞ்சம் முன்னால் இருந்தார். ஒரு வீரர்மேல் அவருக்கு அப்படியொரு பிரியம். பாயின் சீட்டில் வாராவாரம் அந்த ஆள்தான் கேப்டன். அந்த வீரருக்குத் தொடையில் பிடிப்பு, ஆடப்போவதில்லை என்று காலையிலேயே கணினியில் பார்த்துவிட்டேன். மதியம் பாய் டிபன் பாக்ஸுடன் என் மேஜைக்கு வந்தார்.

"ஏம்பா, நம்ம ஆளு இன்னைக்கு எறங்குவானா?"

"தெரியல பாய்."

வாய் கூசாமல் சொன்னேன். எவர்சில்வர் கோப்பை எனக்கு வந்தது. முதலில் கைதட்டியவர் பாய். அன்றுமுதல் ஸ்டோர்ஸில் பேக்கிங் டேப் வாங்கக்கூட வேறு ஆளை அனுப்பினேன்.

பிறகு பக்கத்து மத்திகிரியில் பிரவுசிங் சென்டர்கள் வந்தன. வெல்டிங் ஆட்கள் ஷிப்ட் முடிந்து அங்கே போய், எனக்குத் தெரிந்த அத்தனையும் தெரிந்துகொண்டு வந்தார்கள். எல்லோர் சீட்டும் ஏறக்குறைய ஒன்றுபோல ஆனது. வித்தியாசப்பட்ட ஒன்றிரண்டு பெயர்களில் அதிர்ஷ்டம் யார் பக்கமோ அவர் ஜெயித்தார். நான் ஒன்பதாவது இடத்துக்குச் சரிந்தேன். "ஞானிக்குக் கண்ணு மங்கிருச்சா?" என்று கேலி பேசினார்கள். எனக்கோ முதுகிலிருந்து மூட்டையை இறக்கியது போல இருந்தது. இனி நானும் அவர்களில் ஒருவன். அந்தத் தைரியத்தில்தான் பாயிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் சிரித்துவிட்டார். "அட போப்பா! சீட்ட டப்பாவுல போட்டுட்டுத்தான் உங்கிட்டயே வந்தேன். மனசு கேக்காம சும்மா கேட்டேன்."

என் பொய்யால் அவருக்கு ஒரு புள்ளிகூடப் போகவில்லை. அப்பாடா என்று அங்கிருந்த அட்டைப்பெட்டியின் மேலேயே உட்கார்ந்துவிட்டேன்.

"ஆனா நீ முழிச்ச முழியிலயே அவன் ஆடமாட்டான்னு தெரிஞ்சுபோச்சு," என்றார். "அன்னைக்கி எனக்குச் சோறே எறங்கல."

பாய் ஓய்வு பெற்றுக் கிருஷ்ணகிரிக்குப் போகும்போது டப்பாவை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். பூட்டில்லாமல் என் அலமாரியில் இருக்கிறது. ஆட்டம் இப்போது போனுக்குள் வந்துவிட்டது. காயம் பட்டவர் பெயருக்குப் பக்கத்தில் அதுவே சிவப்புக் குறி போடுகிறது. நான் பட்டியலின் நடுவில் எங்கோ நிம்மதியாகக் கிடக்கிறேன். பாயின் போனிலும் அந்தக் குறி தெரியும். அவருடைய பிரியம் இப்போது வேறொரு வீரர்மேல்; இருந்தாலும் சனிக்கிழமை மதியமானால் கூப்பிடுவார்.

"ஏம்பா, நம்ம ஆளு எறங்குவானா?"

"மாட்டான் பாய். இன்னும் நேரமிருக்கு, மாத்திருங்க."