சகலையின் சுண்ணாம்புக் கோடு

சிங்கப்பூர்ப் பாலத்தை நோய்க்காகப் பூட்டி வைத்திருந்து மறுபடி திறந்துவிட்டார்கள் அல்லவா, அதற்கு அடுத்த துரியான் காலத்தில் நடந்தது இது. எந்த மாதம் என்று கேட்டால் தெரியாது. எங்கள் வீட்டில் இரண்டு துரியான் பழம் இருந்தது தெரியும். அதுவும் எனக்கென்று வந்த துரியான் இல்லை. என் சகலைக்கு யாரோ கூடையோடு கொண்டுவந்து கொடுத்ததில், அவன் எங்களுக்கு அனுப்பிய பங்கு.

சகலை என்றால் என் மனைவியின் தங்கையைக் கட்டியவன். பாலத்துக்கு இந்தப் பக்கம், தம்போயில் ஒரே வரிசையில் குடியிருக்கிறோம். அவன் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவே மூன்று வீடுகள். நான் உலு திராம் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவன். அவன் பெக்கான் நானாஸில் அன்னாசிக் காட்டில் வேலை பார்த்தவன். அன்னாசி இலை முழங்கை வரை கீறிவிடும். பழைய கால்சட்டையை வெட்டிக் கைக்கு மாட்டிக்கொண்டுதான் உள்ளே இறங்குவார்கள். அந்த இலை இடுக்கில் பூரான், தேள், எட்டுக்கால் பூச்சி எல்லாம் குடியிருக்கும். கடிபட்டுக் கடிபட்டே வைத்தியம் கற்றுக்கொண்டேன் என்பான். பால்மரம் வெட்டியவனைக் கடித்தது கொசுதான். கொசுக்கடிக்கு வைத்தியம் கேட்டு எவன் வருவான்?

அவனிடம் வந்தார்கள். பக்கத்துத் தெரு மலாய்க்காரர், மோட்டார் பட்டறைச் சீனர், கோயில் ஆட்கள், சர்ச்சுக்குப் போகிற ஆட்கள், எல்லாரும். சாயங்காலம் நான் நடக்கப் போவதாகச் சொல்லிவிட்டு அவன் வாசலைக் கடந்து போவேன். உண்மையில் அங்கே கிடக்கிற செருப்புகளை எண்ணத்தான் போவேன். ஒரு நாள் பதினோரு ஜோடி. திரும்பி வந்து என் வாசலைப் பார்த்தால் என் செருப்பும் மனைவி செருப்பும்.

மனைவி வேறு சும்மா இருக்கமாட்டாள். தங்கை புருஷன் அவளுக்குத் தம்பி.

"தம்பி கை பட்டாலே போதுங்க, வலி போயிரும்" என்பாள்.

"என் கை பட்டா?"

"உங்க கை பட்டா கோப்பை உடையும்."

அவன் மருந்து என்னவென்று தெரிந்துகொள்ள வேண்டும் என்று ஒரு வெறி எனக்கு. நேராகக் கேட்க மானம் விடவில்லை. ஒரு நாள் வீடுகளுக்குப் பின்னால் இருக்கிற சந்தில், அவன் சமையலறைச் சன்னலுக்குக் கீழே நின்றேன். உள்ளே ஒரு மலாய்க்காரரிடம் பேசிக்கொண்டிருந்தான். "காப்போர்" என்றான். அப்புறம் "பூலாட், பூலாட்" என்றான். பூலாட் என்றால் வட்டம். காப்போர் என்றால்? கற்பூரம்தான், வேறென்ன. சாமிக்குக் காட்டுகிற சூடத்தைத்தானா இவன் இத்தனை நாள் மறைத்து வைத்தான் என்று எனக்குச் சிரிப்பு. வட்டம் வட்டமாகத் தேய்க்க வேண்டும், அவ்வளவுதான்.

மனைவி பூச்செடிக்கு மண் மாற்றுகிறவள். ஒரு மத்தியானம் வாசலில் கிடந்த ரப்பர் கையுறையை எடுத்து மாட்டினாள். ஐயோ என்றாள். உதறினாள். உள்ளிருந்து பழுப்பு நிறத்தில் ஒரு எட்டுக்கால் பூச்சி விழுந்தது. நான் செருப்பால் அடித்துச் சாக்கடையில் தள்ளினேன். அவள் புறங்கையில் இரண்டு புள்ளி, சுற்றிலும் சிவப்பு.

"தம்பிக்கு போன் போடுங்க" என்றாள்.

அவன் அன்றைக்குப் பெக்கான் நானாஸில் ஒரு கல்யாண வீட்டுக்குப் போயிருந்தான். நான் போனைக் காதில் வைத்துக்கொண்டு வாசல் வரை நடந்தேன். திரும்பி வந்து, "எடுக்க மாட்டேங்கிறான்" என்றேன்.

நான் பித்தானையே அமுக்கவில்லை.

"அவன் எதுக்கு? நான் இல்லையா?" என்று சாமி மாடத்திலிருந்து சூடத்தை எடுத்துப் பொடித்தேன். தேங்காய் எண்ணெயில் குழைத்து, கடிவாயில் வட்டம் வட்டமாகத் தேய்த்தேன். அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"எரியுதுங்க."

"எரிஞ்சாத்தான் வேலை செய்யுதுன்னு அர்த்தம்."

ஒரு மணி நேரம் கழித்து மறுபடி தேய்த்தேன். அப்புறம் இன்னொரு முறை. நாலு மணிக்குப் புறங்கையில் கொப்புளம் கிளம்பிவிட்டது. வீக்கம் மணிக்கட்டுக்கு ஏறி, வளையல் சதைக்குள் புதைந்தது. அவள் வாயைத் திறக்காமல் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கத்தியிருந்தால் எனக்கு அவ்வளவு பயம் வந்திருக்காது. இந்தக் கை போய்விட்டால் என்ன செய்வேன் என்று அப்போதுதான் நினைத்தேன்.

அந்த நேரம் சகலை கல்யாணச் சட்டையோடு எங்கள் வாசலில் காரை விட்டு இறங்கினான். வந்ததும் கையை முகர்ந்து பார்த்தான்.

"சகல, யாரு சூடம் வச்சது?"

"நீதானே அந்த ஆளுகிட்ட சொன்ன, காப்போருன்னு!"

அவன் என்னை ஒரு பார்வை பார்த்தான்.

"அலமாக்! காப்போருன்னா சுண்ணாம்பு சகல. வெத்தலைக்குப் போடுற சுண்ணாம்பு!"

எனக்கும் மலாய் தெரியும். அன்றைக்கு என் காதுதான் தமிழாகக் கேட்டுவிட்டது.

அவன் சோப்பு போட்டு எண்ணெயும் சூடமும் போகக் கையை மெல்லக் கழுவினான். அந்தச் சோப்பு வழவழப்பிலேயே வளையல்களை ஒவ்வொன்றாக உருவினான். ஐஸைத் துணியில் சுற்றிக் கொப்புளத்துக்குப் பக்கத்தில் வைத்தான். பிறகு வெற்றிலைப் பெட்டியைத் திறந்து, ஈர்க்குச்சி முனையில் துளி சுண்ணாம்பு எடுத்து, புண்ணில் படாமல் வீக்கம் முடிகிற இடத்தில் கையைச் சுற்றிக் கோடு போட்டான்.

"இதான் மருந்தா?" என்றேன்.

"மருந்துமில்ல, மண்ணாங்கட்டியுமில்ல. கோடு. வீக்கம் கோட்டைத் தாண்டுதான்னு பாக்கணும். தாண்டுனா உடனே கிளினிக். தாண்டாட்டியும் காய்ச்சல், வாந்தி, மூச்சு முட்டுச்சுன்னா கிளினிக்."

"அப்ப ஒங்கிட்ட வர்றவங்கல்லாம்?"

"பாதிப் பேரை நான்தான் கொண்டு போய் விடுறேன். மீதிப் பேருக்குத் தன்னால சரியாப் போகுது. பேனால போட்டாலும் ஒண்ணுதான். நம்ம வீட்டுல எப்பவும் சுண்ணாம்பு இருக்கு."

இத்தனை வருடம் நான் பொறாமைப்பட்டது ஒரு கோட்டுக்கு.

அரை மணி நேரம்கூட ஆகவில்லை, வீக்கம் கோட்டைத் தாண்டியது. அவன் காரில்தான் போனோம். பின் சீட்டில் மனைவி கேட்டாள்.

"ஏன் தம்பி, மத்தியானம் போனை எடுக்கல?"

அவன் கண்ணாடியில் என்னைப் பார்த்தான். நான் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"சைலண்ட்ல கெடந்துச்சுக்கா" என்றான்.

கிளினிக்கில் இருந்த டாக்டரம்மா, பூச்சிக்கடி சின்னதுதான், சூடம் சுட்டதுதான் பெரிது என்றார். பூச்சி எப்படி இருந்தது என்று கேட்டார். அடித்துச் சாக்கடையில் தள்ளிவிட்டதைச் சொன்னேன். இந்தக் கோட்டை யார் போட்டது, நல்ல வேலை என்றார். நான் அந்த இடத்திலும் சுவரைப் பார்த்துக்கொண்டேன். அந்த நல்ல பெயரும் அவனுக்கே போகிறதே என்றிருந்தது. என்ன மனிதன் நான்!

மனைவியின் கை ஆறிவிட்டது. வெற்றிலைக் காம்பு அளவுக்கு ஒரு தழும்பு இருக்கிறது. தோசை ஊற்றும்போது தெரியும். தம்பி போனை எடுத்திருந்தால் இது வந்திருக்காது என்று இன்றும் சொல்கிறாள். அவனும் சிரித்துக்கொண்டு கேட்டுக்கொள்கிறான். என் பழியை அவன் சுமக்கிறானே, அதிலும் அவனே ஒருபடி மேலே நிற்கிறானே என்று அதற்கும் எனக்குப் பொறாமைதான்.

அதனால் இதைக் கேட்கிறவர்கள் நாலு பேருக்குச் சொல்லுங்கள். பூச்சி கடித்தால் சோப்பு போட்டுக் கழுவுங்கள். வளையல், மோதிரத்தை உடனே கழற்றுங்கள். ஐஸைத் துணியில் சுற்றி வையுங்கள். வீக்கத்தைச் சுற்றிக் கோடு போடுங்கள், தாண்டினால் ஓடுங்கள். சூடம் சாமிக்கு மட்டும். இது என் சகலை சொன்னது என்றே சொல்லுங்கள், நான் சொன்னதாக வேண்டாம். என் மனைவி காதுக்குப் போகிற மாதிரி இன்னொன்றையும் சேர்த்துச் சொல்லுங்கள். அன்றைக்கு அந்தப் போன் அடிக்கவே இல்லை.