அர்ச்சுனன் அண்ணனுக்கு நான் எடுத்துக் கொடுத்த பானை

சனிக்கிழமை காலை எட்டு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கையில் கைப்பேசியில், புலனத்தில் செய்தி வந்தது. அப்போது நான் அருங்காட்சியகத்தின் வாசற்பூட்டைத் திறந்துகொண்டிருந்தேன். "அப்பா தவறிட்டாரு அங்கிள். தூக்கத்துலயே." அனுப்பியவர் தினேஷ், அர்ச்சுனன் அண்ணனின் ஒரே மகன். நான் பூட்டைத் திறந்தேன், வருகைப் பதிவேட்டை எடுத்தேன், என் பெயருக்கு நேரே நேரத்தைக் குறித்தேன். அதற்கு அடுத்த வரி எப்போதும் அண்ணன் கையொப்பமிடும் வரி. அதைப் பார்த்த பிறகுதான் செய்தி எனக்குள் இறங்கியது.

சிம்பாங் ரெங்கம் வட்டாரத்தில் அவரை அறிந்தவர்கள் பலர். அவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஒருவருக்கு மட்டும் சொல்ல வேண்டியதும் இதில் உண்டு. அதைக் கடைசியில் வைத்திருக்கிறேன்.

அண்ணன் ஓடு தயாரிக்கும் தொழிற்சாலை ஒன்றில் முப்பது ஆண்டுகள் சூளை பார்த்தவர். ஓய்வு பெற்றபின் எங்கள் மட்பாண்ட அருங்காட்சியகத்துக்குத் தொண்டூழியராக வந்தார். அங்கே பாதி இடம் பழைய மண்கலங்களின் காட்சிக்கூடம், மீதி இடம் இன்றும் சக்கரம் சுழலும் பட்டறை. அதே மாதத்தில் நானும் சேர்ந்தேன். வார நாள்களில் அளவுக் கருவிகளைச் சரிபார்ப்பது என் தொழில். ஆகவே உரிமையாளர் லிம் அம்மையார் பதிவேடுகளையும் விதிமுறைகளையும் என்னிடம் ஒப்படைத்தார். சக்கரமும் சூளையும் அண்ணன் கைக்குப் போயின. பட்டறைச் சுவரில் தொங்கிய பதினொரு விதிகளையும் எழுதியவன் நான். சனிக்கிழமைதோறும் அவற்றின் முன் நின்று, "என்னா தம்பி, இந்த வாரம் ஏதும் புதுசா மொளைச்சிருக்கா?" என்று கேட்டுவிட்டுத்தான் அவர் வேலையைத் தொடங்குவார்.

ரப்பர் பால் பிடிக்கும் கோப்பைகளுக்கு நான் எழுதிய விளக்கச் சீட்டை ஒருமுறை படித்துச் சிரித்தார். 'மரப்பால் சேகரிப்புக் கலம்' என்று எழுதியிருந்தேன். "இது மங்கு தம்பி. பெக்கோக் தோட்டத்துல எங்கம்மா நாளுக்கு நானூறு மங்கு தொடைச்சவங்க. கலம்னு சொன்னா அவங்களுக்கே என்னான்னு தெரியாது லா." சீட்டை மாற்ற, காரணம் குறிப்பிட்டு இருவர் கையொப்பமிட்ட படிவம் வேண்டும் என்றேன். அவர் கோபப்படவில்லை. படிவத்தை வாங்கி, காரணம் என்ற கட்டத்தில் 'அம்மா' என்று மட்டும் எழுதிக் கையொப்பமிட்டுக் கொடுத்தார். நானும் கையொப்பமிட்டேன். சீட்டு மாறியது.

அவர் பட்டறையில் செய்தவற்றுள் காட்சிக்கும் வைக்காத, விற்பனைக்கும் வைக்காத ஒன்று உண்டு. அது கொள்ளிப் பானை. தமிழர் வீட்டில் சாவு என்றால் அவருக்கு அழைப்பு வரும். மகன் அந்தப் பானையில் நீர் நிரப்பித் தோளில் சுமந்து உடலை மூன்று முறை சுற்றுவான். ஒவ்வொரு சுற்றின் முடிவிலும், பின்னால் நிற்பவர் கத்தி முனையால் ஒரு துளையிடுவார். முடிவில் மகன் அதைப் பின்புறமாக விட்டு உடைத்துவிட்டுத் திரும்பிப் பாராமல் நடப்பான். ஆகவே அந்தப் பானை கத்திக்கு இடங்கொடுக்க வேண்டும், விழுந்தால் உடைய வேண்டும். மற்றவற்றை ஆயிரத்து இருநூறு பாகையில் சுடுபவர், இதற்கு மட்டும் எழுநூறிலேயே சூளையை அணைத்துவிடுவார். ஆறிய பானையை விரலால் சுண்டிப் பார்ப்பார். "இது டொக்குன்னுதான் சத்தம் குடுக்கணும் தம்பி. டிங்குன்னு பாடுனா சாவு வீட்டுக்கு ஆகாது."

அந்தப் பழக்கத்தை நிறுத்தியவன் நான். விற்பனை அலமாரியில் தவறுதலாகக் கலந்துவிட்ட அப்பானைகளில் ஒன்றைத் தங்காக்கிலிருந்து வந்த ஓர் அம்மாள் பூச்சாடிக்கென வாங்கிச் சென்றார். நீர் கசிந்து அவர் வீட்டுப் பூசையறைப் பலகை ஊறிப்போனது. புகார் வந்த அடுத்த வாரமே ஆறாம் விதியை எழுதினேன்: 'சூளையில் ஏற்றப்படும் எல்லாப் பொருள்களும் ஆயிரத்து இருநூறு பாகையில் மட்டுமே சுடப்படும்.' அண்ணன் அதை இரண்டு முறை படித்தார். "எல்லாம் உடையாம இருக்கணும்னு பாக்கிறீங்க. உடையறதுக்குன்னும் ஒரு பானை வேணும்ல?" என்றார். அதன்பின் அவர் அந்த விதியை ஒருமுறைகூட மீறவில்லை. கேட்டு வந்தவர்களைக் குளுவாங்கில் உள்ள கடைக்கு அனுப்பினார்.

தாம் இறப்பதற்கு இரண்டு மாதங்களுக்கு முன், பக்கத்து வீட்டுக்காரர் தவறியபோது, ஒரே ஒரு பானைக்குச் சூளை மூட்ட அனுமதி கேட்டார். "கூட்டத்துல வெச்சுப் பேசலாம்ணே" என்றேன். "செத்தவரு கூட்டம் வரைக்கும் காத்திருப்பாரா?" என்று சிரித்துவிட்டுப் போனார். கூட்டம் நடந்தது. நிகழ்ச்சி நிரலில் அது ஒன்பதாவது. எட்டாவதோடு நேரம் முடிந்தது.

அந்தச் சனிக்கிழமை பத்து மணிக்குத் தினேஷ் அழைத்தார். "அங்கிள், அப்பா செஞ்ச பானை ஏதாச்சும் இருக்கா? ஊருக்கே செஞ்சு குடுத்தவரு. அவருக்குப் போயி கடையில வாங்க மனசு வரல." லிம் அம்மையாரிடம் கேட்டேன். "அம்பில் சஜா" என்றார் மலாயில், எடுத்துக்கொள்ளுங்கள் என்று. மேல்தட்டில் உருண்டையாக ஒரு பானை இருந்தது. கழுத்தருகே கட்டைவிரல் தடம். தம் பானைகளில் எல்லாம் அண்ணன் விட்டுவைக்கும் அடையாளம் அது. எடுத்துச் சுண்டினேன். வெண்கல மணிபோல் ஒலித்தது. நல்ல பானை கிடைத்தது என்று எண்ணினேன். பதிவேட்டில் வெளியேற்றக் குறிப்பு எழுதிக் கையொப்பமிட்டேன். வெப்பமானிகளைச் சரிபார்த்து வயிறு வளர்ப்பவன் நான். அந்த ஒலி என்ன சொல்கிறது என்று எனக்கு அப்போது தோன்றவே இல்லை.

மின்சுடலையின் புல்தரை மழை ஈரம் காயாமல் இருந்தது. தினேஷ் முதல் சுற்றை முடித்து நின்றார். காரியம் நடத்திய பெரியவர் கத்தி முனையால் பானையைக் குத்தினார். கத்தி வழுக்கியது. மறுபடியும் குத்தினார். கீறல்கூட விழவில்லை. "என்னாய்யா இது, இரும்புல செஞ்சிருக்கு?" என்று யாரோ முணுமுணுத்தார்கள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஆறாம் விதிக்குப் பிறகு எங்கள் பட்டறையில் உடையும் பானை ஒன்றுகூட இல்லை.

பெரியவர் பானையின் வாயைச் சற்றே சாய்த்து நீரை வழியவிட்டார். "நடய்யா" என்றார். அடுத்த இரண்டு சுற்றுகளும் அப்படியே நடந்தன. பாரத்தில் தினேஷின் தோள் ஒரு பக்கம் இறங்கியிருந்தது. "விட்டுடுய்யா. திரும்பிப் பாக்காத."

பானை விழுந்தது. ஈரப் புல்லில் தொம் என்று ஓர் ஓசை. பிறகு ஒருமுறை உருண்டு என் காலடியில் வந்து நின்றது, முழுதாக.

தினேஷ் அசையாமல் நின்றார். திரும்பக்கூடாது என்பது அவருக்குத் தெரியும். முதுகைக் காட்டியபடியே கேட்டார்: "அங்கிள், உடைஞ்சிடுச்சா?"

பெரியவர் என்னைப் பார்த்தார். இந்த ஐம்பது வயதுவரை எந்தப் பதிவேட்டிலும் நான் பொய் எழுதியதில்லை.

"உடைஞ்சிடுச்சுப்பா. நீ போ" என்றேன்.

தினேஷ் நடந்து போய்க் கற்பூரம் ஏற்றினார். பெரியவர் தம் தோள்துண்டால் பானையை மூடி, "வண்டியில போட்டுக்குங்க சார்" என்று மெல்லச் சொன்னார்.

அதன்பின் மூன்று பேரைக் கேட்டுவிட்டேன். நீர் சிந்தியதே போதும் என்றார் ஒருவர். பானை உடையாவிட்டால் காரியம் முடியவில்லை என்றார் இன்னொருவர். எல்லாம் மனசைப் பொறுத்தது என்றார் மூன்றாமவர். ஆறாம் விதியைச் சுவரிலிருந்து கழற்றினேன், படிவம் எதுவும் நிரப்பாமல். எழுநூறு பாகையில் சூளையை அணைத்து நானே இரண்டு பானைகளைச் சுட்டுப் பார்த்தேன். இரண்டும் ஆறும்போது விரிசல் விட்டுவிட்டன. அண்ணன் எவ்வளவு நேரம் பொறுத்துக் கதவைத் திறப்பார் என்று நான் கேட்டு வைத்ததில்லை. எல்லாவற்றையும் எழுதி வைத்தவன், அதை மட்டும் எழுதி வைக்கவில்லை.

பதினாறாம் நாள் பந்தியில் தினேஷ் என் கையைப் பற்றிக்கொண்டு, "எல்லாம் முறையா முடிஞ்சுது அங்கிள். அப்பா நிம்மதியாதான் போயிருப்பாரு" என்றார். அன்று மாலை வீட்டுப் பின்புறம் பானையைத் தலைக்கு மேல் தூக்கினேன். அது மகன் செய்ய வேண்டியது. இறக்கி வைத்துவிட்டேன்.

தினேஷ், அது உடையவில்லை. உன் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாமல், உன் தந்தையை அறிந்த எல்லாருக்கும் முன்னால் எழுதுகிறேன். அவர் செய்த கோப்பைகளும் தட்டுகளும் இந்த வட்டாரத்தில் எத்தனையோ வீடுகளில் இருக்கும். என்னிடம் இருப்பது, கழுத்தில் அவர் கட்டைவிரல் தடம் பதிந்த இந்தப் பானைதான். அந்தப் பெரியவரின் துண்டிலேயே சுற்றி என் அறை அலமாரியில் வைத்திருக்கிறேன். எங்கள் வீட்டுப் பின்புறம் சிமெண்டுத் தரை. வேலைக்குச் சிங்கப்பூர் போகிற வழியிலோ, திரும்புகிற வழியிலோ, எந்த நேரமானாலும் வா. கதவைப் பூட்டாமல் வைத்திருக்கிறேன்.