ஓரகத்தி செய்த பேனர்

என் ஓரகத்தியைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும். இதை ஒளித்து வைத்து ஆகப்போவது ஒன்றுமில்லை. ஓசூரில் ஒரு ஃபிளெக்ஸ் கடையில் ஆறு வருடமாகக் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து டிசைன் செய்பவள் நான். அவளோ கொழுந்தனைக் கட்டிக்கொண்டு வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. செல்போனில் ஏதோ ஓர் இலவச ஆப்பை வைத்துக்கொண்டு படம் செய்கிறாள். நாத்தனார் புதுவீட்டில் பால் காய்ச்சும் விழாவுக்கு பேனர் செய்யும் வேலையை மாமியார் அவளிடம்தான் கொடுத்தார். பிரிண்ட் போட்டு எடுத்து வருவது மட்டும் என் வேலையாம்.

கடையில் அவள் ஃபைலைத் திறந்தேன். வழக்கம்போல மேலே மேகத்துக்கு நடுவே காலமான மாமனார். அவர் முகத்தின் மேல் ஒரு வெளிச்ச லேயர் போட்டு, அது அடியிலிருக்கும் படத்தோடு கலக்கும் முறையை ‘சாஃப்ட் லைட்’ என்று வைத்திருந்தாள். வாட்ஸ்அப்பில் அவள் அனுப்பிய மாதிரிப் படத்தில் பளிச்சென்று இருந்தவர், என் போட்டோஷாப்பில் கறுத்துப்போயிருந்தார். மல்டிப்ளை, ஸ்கிரீன் போன்ற கலப்பு முறைகள் என்றால் எந்த புரோகிராமிலும் ஏறக்குறைய ஒன்றுபோலத்தான் வரும். சாஃப்ட் லைட்டுக்குப் பெயர்தான் ஒன்று, உள்ளே கணக்கு ஆளுக்கொன்று. தொழிலில் இருப்பவளுக்கு இது தெரியும், அவளுக்குத் தெரியாது. ஸ்கிரீனுக்கு மாற்றி வெளிச்சத்தின் அளவைக் குறைத்தால் சரியாகிவிடும், ஒரு நிமிட வேலை.

நான் மாற்றவில்லை. சொந்தக்காரர்கள் முன்னால் அவள் முகம் தொங்குவதைப் பார்க்க வேண்டும்போல இருந்தது. அப்படியே பிரிண்டுக்குக் கொடுத்தேன்.

விழாவன்று காலை வேப்பனப்பள்ளியிலிருந்து வந்த உறவுக்காரர்கள் வாசலில் கூடியிருக்க, மாமியார் பேனரைப் பார்த்தபடி நின்றுவிட்டார். வேடிக்கை பார்க்க நானும் பக்கத்தில் போய் நின்றுகொண்டேன்.

“உங்கப்பா இவருதான் கண்ணு,” என்றார் நாத்தனாரிடம், கண் கலங்கி. “பெரியவ பண்ணுன போட்டோவுல வெள்ளவெளேர்னு யாரோ மாதிரி இருந்தாரு. அவரோட கறுத்த நெறத்த சின்னவதான் கொண்டாந்திருக்கா.”

பெரியவள் நான்தான். பழைய வீட்டுக் கூடத்தில் மாலை போட்டு மாட்டியிருப்பது நான் செய்த படம்.

ஓரகத்தி பேனரை உற்றுப் பார்த்தாள். “இல்லிங்கத்த, நான் வெளுப்பாத்தான் பண்ணியிருந்தேன். இந்தக் கலரு அக்கா பண்ணுனது.”

மாமியார் அவள் கன்னத்தைத் தடவிவிட்டு என் பக்கம் திரும்பினார். “பாத்தியா, தான் பண்ணுனதக்கூட உன் பேருல சொல்றா. இந்த மனசு யாருக்கு வரும்?”

“ஆமாங்கத்த,” என்றேன். நான்தான் செய்தேன் என்று சொன்னால், ஏன் செய்தேன் என்றும் சொல்ல வேண்டுமே.