மூன்று பேர் பாடிய ஒரே பாட்டு

என் போனில் மூன்று பதிவுகள் இருக்கின்றன. மூன்றிலும் ஒரே பாட்டுதான், பாடியவர்கள்தான் வேறு. பழைய இத்தாலியப் பாட்டு அது. ஓபரா என்று சொல்லும் பாட்டு நாடகத்தில் வருவது. மூவரும் டெனார்கள், அதாவது ஆண் குரலில் மேல் ஸ்தாயியில் பாடுகிறவர்கள். இவர்களில் யார் எப்படிப் பாடினார், யாருடையது மனசிலிருந்து வந்தது, யாருடையது வெறும் கெட்டிக்காரத்தனம் என்று உட்கார்ந்து பேச எனக்கு ஒரே ஒரு ஆள் வேண்டும். வளைகுடா வேலையை விட்டுத் திருச்சிக்கு வந்து இரண்டு வருஷம் ஆகிறது. இந்த இரண்டு வருஷமும் நான் தேடியது அந்த ஒரு ஆளைத்தான்.

பாலக்கரையில், காந்தி மார்க்கெட்டுக்குப் போகும் லாரிகள் நாள் முழுக்க ஹாரன் அடிக்கும் சந்தில் குடியிருக்கிற பாய்க்கு இத்தாலியப் பாட்டு எதற்கு என்று உங்களுக்குச் சிரிப்பு வரலாம். வரட்டும். எனக்கே சில நாள் வரும்.

போன புதிதில் ஏழு வருஷம் ஆஸ்பத்திரிக் கட்டடங்களில் வயரிங் வேலை பார்த்தேன். பிறகு அந்த ஊரில் பெரிய அரங்கம் ஒன்று கட்டினார்கள். வயரிங்குக்குப் போனவனை அங்கேயே நிறுத்திக்கொண்டார்கள். ஃபாலோ லைட் என்று ஒரு வேலை. மேடையில் பாடுகிறவர் மேல் வட்டமாக ஒரு வெளிச்சம் விழும், அவர் நகர நகர அதுவும் நகரும். கூரைக்குக் கீழே ஒரு கூண்டில் உட்கார்ந்து அதைக் கையால் நகர்த்துகிறவன் நான். பார்க்கிறவர்களுக்கு வெளிச்சம் தானாகவே அவர் பின்னால் போவது போல இருக்க வேண்டும். கை தெரியக்கூடாது, ஆளும் தெரியக்கூடாது. பதினான்கு வருஷம் அப்படித் தெரியாமல் இருந்தேன்.

வீட்டில் இதைச் சொல்லவில்லை. என் மாமனார் கறாரானவர். பாட்டும் கூத்தும் நடக்கிற இடத்துச் சம்பாத்தியத்தில் தன் மகள் சாப்பிடுவது தெரிந்தால் ஊரைக் கூட்டியிருப்பார். அதனால் எப்போதும் போலக் ‘கரண்ட் வேலை’ என்றே சொல்லிவந்தேன். அவர் மவுத்தாகிப் பல வருஷம் ஆயிற்று. பொய் மட்டும் வீட்டில் தங்கிவிட்டது. என் மனைவிக்கு நான் அங்கே என்ன பார்த்தேன், என்ன கேட்டேன் என்று எதுவும் தெரியாது. லீவில் வந்த நாட்களில் சொல்லவும் வாய் வரவில்லை. இருக்கிற நாற்பது நாளில் யார் பழைய பொய்யைக் கிளறுவார்கள்?

அந்தப் பாட்டைப் பற்றிச் சொல்கிறேன். கதையில் ஒரு ஏழைப் பையன். அவன் ஆசைப்பட்ட பெண்ணுக்கும் அவன் மேல் ஆசை உண்டு என்று அப்போதுதான் அவனுக்குத் தெரிகிறது. எல்லோரும் போன பிறகு தனியாக நின்று பாடுகிறான். சந்தோஷமான சேதிதான். ஆனால் மெட்டு மையித்து வீட்டில், சாவு விழுந்த வீட்டில், கேட்கிற மாதிரி இருக்கும். ஒரே மெட்டு இரண்டு தடவை வரும். கடைசியில் வாத்தியங்கள் எல்லாம் நின்றுவிடும், பாடுகிறவர் துணையில்லாமல் தன் இஷ்டத்துக்குக் குரலை ஏற்றி இறக்கி முடிப்பார். பெல் காண்டோ என்று அந்தப் பாணிக்குப் பெயர். அழகாகப் பாடுவது என்று அர்த்தமாம். அந்த நாடகத்தை என் காலத்தில் மூன்று தடவை போட்டார்கள், ஒவ்வொரு தடவையும் வேறு டெனார். ரிகர்சலில் போனை எடுக்கக் கூடாது. நான் எடுத்தேன். கூண்டுக்குள் சட்டைப் பையில் வைத்துப் பதிவு செய்தேன். அதனால் மூன்று பதிவிலும் பாட்டுக்கு அடியில் என் விளக்கின் காற்றாடிச் சத்தம் இரைந்துகொண்டே இருக்கும்.

முதல் ஆள் மலை மாதிரி. இடத்தை விட்டு அசையமாட்டார், எனக்கு வேலை மிச்சம். மூச்சு எடுக்கும்போது தோள் ஏறும். நான் வெளிச்சத்தைக் கொஞ்சம் மேலே தூக்கிக்கொள்வேன். நீட்ட வேண்டிய இடத்தில் கேட்கிறவர்களுக்கே மூச்சு முட்டும் அளவு நீட்டுவார். கடைசித் தனி இடத்தில் கையிருப்பு எல்லாவற்றையும் கடை பரப்பிவிடுவார். கைதட்டல் அள்ளும். எனக்கும் பிடிக்கத்தான் செய்தது, பொய் சொல்லக்கூடாது.

இரண்டாவது ஆள் சின்ன வயசு. ஓரிடத்தில் நிற்கமாட்டார். மெதுவாகப் பாடுவார், எங்கே மூச்சு எடுக்கிறார் என்று கண்டுபிடிக்க எனக்கே பல நாள் ஆயிற்று. நகர்கிற பக்கமும் ஒவ்வொரு நாளும் வேறு. ஒரு நாள் இரண்டாம் தடவை மெட்டு தொடங்கும் முன் நான் நினைத்த பக்கம் போகாமல் இடது பக்கம் நகர்ந்துவிட்டார். நான் வெறும் தரைக்கு வெளிச்சம் காட்டிக்கொண்டிருந்தேன். அவர் இருட்டில் பாடினார். காதில் மாட்டியிருந்த ஹெட்போனில் மேடை மேனேஜர் வைததை இங்கே எழுத முடியாது.

மூன்றாவது ஆள் வயசானவர். குரல் ஓரங்களில் நைந்துபோயிருந்தது. ரிகர்சலில் முழுக் குரலில் பாடாமல் முணுமுணுத்துக்கொண்டே போவார், குரலை மிச்சம் பிடிக்கிறார் என்றார்கள். ஒரே ஒரு ரிகர்சலில், காலி நாற்காலிகளைப் பார்த்து, முழுதாகப் பாடினார். மேலே போன இடத்தில் குரல் ஒரு முறை கீறியது. நிறுத்தவில்லை. கடைசி வார்த்தைக்கு முன்னால் மௌனமாக நின்றார் பாருங்கள், வாத்தியக்காரர்கள் எல்லோரும் தலையைத் தூக்கிவிட்டார்கள். என் விளக்கு நடுங்கியது. பதினான்கு வருஷத்தில் அப்படி ஆனது அந்த ஒரு நாள்தான்.

இதையெல்லாம் யாரிடம் சொல்வது?

சும்மா இருக்க முடியாமல் இப்போது சின்னச் சின்னக் கரண்ட் வேலைகளுக்குப் போகிறேன். அப்படித்தான் ஸ்ரீரங்கத்தில், உத்தர வீதிப் பக்கம், பேங்க்கிலிருந்து ரிட்டயர் ஆன ஒரு ஐயங்கார் வீட்டுக்கு ஃபேன் மாட்டப் போனேன். போனால் சுவர் முழுக்கக் கேசட். நான் ஏணியில் நிற்க, அவர் ஒரே கீர்த்தனையை நான்கு வித்வான்கள் பாடியதை ஒன்றன் பின் ஒன்றாகப் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். “இவர் இந்த இடத்துல நின்னு நிதானமா போறார், அவரானா ஓடிப் போயிடறார்” என்று எனக்கும் சேர்த்துச் சொன்னார். ஏணியிலிருந்து எனக்கு இறங்கவே மனசில்லை. தேடிய ஆள் கிடைத்துவிட்டார் என்று நினைத்தேன்.

அடுத்த வாரம் காலையில் கூப்பிடாமலே போய் நின்றேன். “வாங்கோ பாய், ஃபேன் நன்னா சுத்தறதே” என்றார். ஃபேனுக்காக வரவில்லை என்று சொல்லிப் போனை நீட்டினேன்.

கண்ணை மூடிக்கொண்டார். வலது கை தொடையில் ஒரு தட்டுத் தட்டியது, பிறகு சுண்டு விரலிலிருந்து எண்ணத் தொடங்கியது. பாட்டு நாலு வரி போயிருக்காது, கை நின்றது. மறுபடி தட்டினார். மறுபடி நின்றது. முதல் ஆள் நீட்டிய இடத்தில் அவர் விரல் பாதியில் அந்தரத்தில் நின்றது.

“பாய், குரல் பேஷான குரல். பெருமாள் அள்ளிக் குடுத்திருக்கார். ஆனா தாளத்தைக் கோட்டை விட்டுட்டானே! இந்த இடத்துல அஞ்சு எண்ணினேன், அதே இடம் ரெண்டாம் தரம் மூணுதான் வரது. பக்கவாத்யக்காராள்ளாம் இவன் எப்போ வருவானோன்னு காத்துண்டிருக்கா பாருங்கோ.”

“அப்படிக் காத்திருக்கறதுதாங்க இந்தப் பாட்டே” என்றேன்.

“அதெப்படி? காலப்ரமாணம் வேண்டாமா?”

மற்ற இரண்டு பேருக்கும் தட்டிப் பார்த்தார். மூன்றாவது ஆள் மௌனமாக நின்ற இடத்தில் பதிவு தீர்ந்துவிட்டது என்று நினைத்து, “முடிஞ்சுடுத்தா?” என்று கண்ணைத் திறந்தார். கடைசி வார்த்தை வந்தபோது அவர் காபிக்குச் சொல்ல எழுந்திருந்தார். நல்ல மனுஷர், குறை சொல்ல மாட்டேன். காபி கொடுத்து, அந்த மெட்டு தனக்கு எந்த ராகத்தை ஞாபகப்படுத்துகிறது என்று பாடிக் காட்டி, அந்த ராகத்தில் யார் கெட்டி என்று கேசட்டைப் போட்டார். இரண்டு மணி நேரம் நான் கேட்டேன். அவருக்கு அன்றைக்கு ஒரு ஆள் கிடைத்தான்.

ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் வரும்போது காவேரிப் பாலத்தில் நெரிசல், பஸ் நகரவில்லை. ஆற்றில் மணல்தான் தெரிந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அழுகை வந்தது. அறுபதை நெருங்குகிற ஆள் மூன்று பாட்டைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாக அலைகிறான். சொந்த வீட்டில் மட்டும் அதைப் போட்டுக் காட்டத் தைரியம் இல்லை.

சொந்த வீடு என்று பேச்சுக்குத்தான் சொல்கிறேன். நான் இல்லாதபோது இடித்துக் கட்டிய வீடு. எந்த சுவிட்ச் எந்த லைட்டுக்கு என்று எனக்கு இன்னும் தடுமாற்றம்தான், நான் லைட்டுக்காரன் வேறு. என் மனைவிக்கு அவளுடைய நாள் இருக்கிறது. காலையில் மார்க்கெட், சனிக்கிழமை எடமலைப்பட்டி புதூரில் இருக்கும் மகள் வீடு, பக்கத்து வீட்டுப் பெண்களோடு பேச்சு. நான் வந்து உட்கார்ந்தால் பேச்சு அடங்கி, ‘சாப்பிடுறீங்களா’ என்ற விசாரிப்புதான் வரும். அவளை வேண்டும் என்று நான் நினைப்பதை அவளிடம் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. இந்தப் பாட்டை அவள் கேட்டாலாவது, இவ்வளவு வருஷம் நான் எங்கே இருந்தேன் என்று அவளுக்குத் தெரிந்துவிடும் என்று ஒரு நினைப்பு.

போன வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுதுவிட்டு வந்து சாப்பிட்டு முடித்தேன். அவள் கூடத்தில் முறத்தை வைத்துப் பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். எதிரில் போய் உட்கார்ந்து எல்லாவற்றையும் கடகடவென்று சொல்லிவிட்டேன். அரங்கம், கூண்டு, பாட்டு, அவள் அத்தாவுக்குப் பயந்தது எல்லாம்.

அவள் பூண்டை விடவில்லை. “லைட்டு புடிச்சா அது கரண்ட் வேலைதானே. இதுக்கா இப்படி வேர்க்குது உங்களுக்கு?” என்றாள்.

“மூணு பேர் பாடினது வெச்சிருக்கேன். கேக்குறியா?”

“போடுங்க.”

கதையைச் சொல்லிவிட்டுப் போட்டேன். அவள் தாளம் தட்டவில்லை. தலையும் ஆட்டவில்லை. முதல் ஆள் முடித்ததும், “எல்லாரும் பாக்குறாங்கன்னு தெரிஞ்சு பாடுறாரு” என்றாள். இரண்டாவது ஆளுக்கு, “சின்னப் புள்ள. நல்லா இருக்கட்டும்” என்றாள். மூன்றாவது ஆளின் குரல் கீறிய இடத்தில் அவள் கை நின்றது. மௌனத்திலும் நின்றது. கடைசி வார்த்தைக்கு அப்புறம்தான் மூச்சு விட்டாள்.

“இவரு பொய் சொல்றாரு” என்றாள்.

“என்ன பொய்?”

“கதையில வர்ற அந்தப் புள்ள சந்தோஷமா இருக்குன்னு சொன்னீங்கல்ல. இவரு சந்தோஷமா இல்ல. இருக்கேன்னு சொல்றாரு, அவ்வளவுதான்.”

இத்தனை வருஷம் நான் மனசுக்குள் தடவித் தடவிப் பார்த்ததை இவள் பூண்டு உரித்துக்கொண்டே சொல்லிவிட்டாள். இரண்டு வருஷமாக நான் தேடிய ஆள் அடுப்படிக்கும் கூடத்துக்கும் நடந்துகொண்டிருந்திருக்கிறாள். “எப்படிக் கண்டுபுடிச்ச?” என்று கேட்டேன்.

“இதுல என்ன இருக்கு? வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை நீங்க போன் பண்ணி ‘நல்லா இருக்கேன்’னு சொல்லுவீங்கல்ல? இருபத்தோரு வருஷமா அதே வார்த்தைதான். சொல்றதுதான் வேற வேற.” அவள் சொல்லிக் காட்டினாள். என் குரலையே அவள் வாயில் கேட்டேன். “நல்லா இருக்கேன்னு சட்டுனு சொன்னா வேலை ஜாஸ்தி. இழுத்துச் சொன்னா பசி, சமைக்கல. அத்தா மவுத்துக்கு வர முடியாமப் போச்சே, அந்த வாரம் மூச்சு எடுத்துட்டு, கொஞ்சம் நின்னு, அப்புறம் சொன்னீங்க. இந்தப் பெரியவரு நின்ன மாதிரியே. போனை வெச்சுட்டு அன்னிக்கு நான் அழுதேன். அத்தாவுக்காக இல்ல.”

நான் போனை அணைத்துத் தரையில் வைத்தேன்.

“நானும்தானே சொல்லுவேன், ‘நாங்க நல்லா இருக்கோம்’னு” என்றாள். சிரித்துக்கொண்டே, கொஞ்சம் வெட்கத்தோடு கேட்டாள். “நான் எப்படிச் சொல்லுவேன்?”

நினைவில் தேடிப் பார்த்தேன். முதல் ஆளின் தோள் எங்கே ஏறும் என்று தெரியும். பெயரைக்கூட மறந்துபோன அந்தச் சின்னப் பையன் எந்த வரியில் திருட்டு மூச்சு எடுப்பான் என்று தெரியும். இவள் குரல் வாரா வாரம் என் காதுக்குள்ளேயே பேசியிருக்கிறது. இப்போது ஒரு தடவை, ஒரே ஒரு தடவை சொன்னது கூட எனக்கு ஞாபகம் வரவில்லை. நான் பேசிவிட்டுப் போனை வைத்துவிடுவேன், கேட்டதில்லை.

அவள் மிச்சமிருந்த பூண்டையும் உரித்து முடித்தாள். பிறகு முறத்தை எடுத்துக்கொண்டு எழுந்தாள். “பரவால்லங்க” என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனாள்.

அது எந்தப் ‘பரவால்ல’ என்று எனக்குக் கண்டுபிடிக்கத் தெரியவில்லை.