எத்தனை விசில்

தொண்ணூறுகளில் நாங்கள் ஜோகுபாளையத்தில் இருந்தபோது, எந்த வீட்டில் ஜெபக்கூட்டம் வைத்தாலும் கடைசி ஜெபம் என்னுடையதுதான். பிறந்தநாள், புது ஸ்கூட்டர், மகனுக்கு வேலை என்று எதுவானாலும் "பிரதர், நீங்களே ஜெபிச்சு முடிங்க" என்பார்கள். வேண்டாம் என்பதுபோல் ஒருமுறை தலையை ஆட்டிவிட்டு எழுந்து நிற்பேன். "மகா பரிசுத்தமும் கிருபையுமுள்ள எங்கள் பரம பிதாவே" என்று ஆரம்பித்தால் பத்து நிமிடத்துக்குக் குறையாது. சுற்றிலும் ஆமென் விழ விழக் குரல் தானாக ஏறும். நன்றாகவே செய்தேன், இல்லையென்று சொல்ல மாட்டேன்.

என் மனைவிக்கு அந்த வித்தை வராது. ரேஷன் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே, "அப்பா, இன்னிக்கும் குழாயில தண்ணி வரல. நான் என்ன செய்யறது சொல்லுங்க" என்று ஆண்டவரிடம் பேசிக்கொண்டிருப்பாள். தலையில் முக்காடு இருக்காது. கண்ணும் திறந்தே இருக்கும். எனக்கு எரிச்சலாக வரும்.

"ஆண்டவர் என்ன பக்கத்து வீட்டுக்காரரா? முக்காடு போட்டு, முழங்கால்ல நின்னு ஜெபம் பண்ணு."

"சரிங்க" என்று முந்தானையைத் தலைக்கு இழுத்துக்கொள்வாள். நான் அந்தப் பக்கம் போனதும் அது தோளுக்கு வந்துவிடும். பேச்சு தொடரும்.

அவளுக்கு வயிற்றில் கட்டி என்று ஆபரேஷனுக்கு நாள் குறித்தார்கள். முந்தின நாள் சாயங்காலம் சபையிலிருந்து பத்துப் பன்னிரண்டு பேர் ஆஸ்பத்திரிக்கு வந்து கட்டிலைச் சுற்றி நின்றார்கள். நான் ஜெபித்தேன். ஒரு அக்கா தேம்பி அழுதார். பக்கத்துக் கட்டில்காரர்கள்கூட எழுந்து உட்கார்ந்து பார்த்தார்கள். அதை மூடிய கண்ணின் இடுக்கு வழியே கவனித்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

எல்லாரும் போன பிறகு அவள் என் கையைப் பிடித்தாள்.

"என்னங்க, அது அவங்களுக்குப் பண்ணீங்க. இப்ப எனக்கு ஒரு வாட்டி பண்ணுங்க. எனக்கு பயமா இருக்கு."

ஆஸ்பத்திரி கவுனில் முந்தானை ஏது? என் கைக்குட்டையை விரித்து அவள் தலையில் போட்டேன். ஓரத்தை இழுத்துச் சரிசெய்தேன். மறுபடியும் சரிசெய்தேன். கண்ணை மூடி "மகா பரிசுத்தமும்" என்றேன். அதற்குமேல் ஒரு வார்த்தை வரவில்லை. ஆமென் சொல்ல ஆளில்லாத இடத்தில் நான் வாய் திறந்து ஜெபித்ததே இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது.

நர்ஸ் வந்து "டைம் ஆய்த்து சார், ஹொரடி" என்று கன்னடத்தில் கிளம்பச் சொன்னார். எனக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியை நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது.

டிரிப்ஸ் ஏறாத கையால் அவள் கைக்குட்டையை எடுத்து என்னிடம் கொடுத்தாள். "பரவால்ல, போய்ட்டு வாங்க. நான் பேசிக்கிறேன்."

மறுநாள் மயக்கத்திலிருந்து அவள் எழவில்லை.

எனக்கு அழுகை வரவில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட கன்னம்போல உடம்பெல்லாம் மரத்துக் கிடந்தது. கல்லறையில் கடைசி ஜெபமும் நான்தான் செய்தேன். "பிரதருக்கு எவ்வளவு விசுவாசம் பாருங்க" என்று பின்னால் யாரோ சொன்னார்கள். விசுவாசமெல்லாம் இல்லை, பழக்கம். அடுத்த மாதம் பொம்மனஹள்ளியில் ஒரு புது வீட்டுக்காகப் பத்து நிமிடம் ஜெபித்தேன். திரும்பும்போது பஸ்ஸில் யோசித்துப் பார்த்தேன். என்ன சொன்னேன் என்று ஒன்றும் நினைவில்லை.

அதற்குப் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஆராதனை முடிந்து வந்து குக்கரில் பருப்பு வைத்தேன். முதல் விசில் வந்தது. இரண்டாவது வந்தது. மூன்றாவதும் வந்தது. எப்போது அணைப்பது என்று தெரியவில்லை. இத்தனை வருடத்தில் அவளிடம் கேட்டதில்லை. கையில் கரண்டியோடு, கண்ணைத் திறந்தபடி நின்றுகொண்டு வாய்விட்டுச் சொன்னேன்.

"பருப்புக்கு எத்தனை விசில்னு எனக்குத் தெரியல. அவ அங்கதான இருக்கா, கேட்டுச் சொல்லுங்க."

சபையில் யார் காதிலாவது விழுந்திருந்தால், இறந்தவளிடம் கேட்கச் சொல்வது உபதேசப் பிழை என்றிருப்பார்கள். நான்காவது விசிலும் வந்தது.

"எனக்கும் பயமா இருக்கு" என்றேன்.

ஆமென் சொல்ல யாருமில்லை. நானும் சொல்லவில்லை. அடுப்பை அணைத்துவிட்டு அங்கேயே நின்று பேசிக்கொண்டிருந்தேன்.