பல் போன பிறகும் தொடர்ந்த மாத்திரை

அண்ணன் கையில் ஸ்பூன் நடுங்கியதை முதலில் பார்த்தது ஒரு திங்கட்கிழமை காலை. தட்டுக்கும் வாய்க்கும் நடுவே உப்புமா மூன்று முறை சிந்தியது. அந்த மாதக் கடைசியில் மாதா கோயில் படியில் அவரே விழுந்தார்.

அண்ணன் சவரிநாதனுக்கு ஐம்பத்தெட்டு வயது. பிறவியிலேயே அறிவு வளர்ச்சிக் குறைபாடு. அம்மா இறந்ததிலிருந்து காரைக்காலில் எங்களோடு இருக்கிறார்.

வயதாகிறது என்றுதான் நினைத்தேன். புதிதாகப் பார்த்த மனநல மருத்துவர் அவர் முழங்கையை மடக்கி நீட்டினார். "இது வயசு இல்லைங்கம்மா, மாத்திரையால வர்ற விறைப்பு. எதுக்காக ஆரம்பிச்சாங்க?"

அண்ணன் சாப்பிட்டுவந்த அந்த மாத்திரை ஆன்டிசைகாட்டிக் (மனப்பிறழ்வுக்குத் தரும் மருந்து). எந்த வேளை, எத்தனை மில்லிகிராம் என்று ஒரு நாள் விடாமல் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறேன். எதற்காகத் தொடங்கியது என்பதுதான் மறந்துபோயிருந்தது.

பழைய நாட்குறிப்புகளைப் புரட்டினேன். பதினான்கு ஆண்டுகளுக்கு முன்: "அண்ணன் கத்தல். தலையைச் சுவரில் மோதுகிறார். அம்மா போன ஏக்கம். மாத்திரை தொடக்கம்." பத்து நாள் கழித்து: "கடைவாய்ப் பல்லில் சீழ். பிடுங்கியாயிற்று." மறுநாள்: "கத்தல் இல்லை. மாத்திரை நன்றாக வேலை செய்கிறது."

மூன்றும் என் கையெழுத்து.

நாட்குறிப்பைக் காட்டியபோது மருத்துவர் குறை சொல்லவில்லை. "சொல்லத் தெரியாதவங்க வலியக் கத்தித்தான் சொல்வாங்க. கொஞ்சம் கொஞ்சமாக் குறைப்போம். நீங்களா ஒரேயடியா நிறுத்திடாதீங்க." இதைப் படிக்கும் உங்களுக்கும் அதையேதான் சொல்வேன்.

குறைத்து முடிக்க எட்டு மாதம் ஆயிற்று. ஐந்தாம் மாதம், மதியச் சாப்பாட்டில், அண்ணன் தொண்டை கிழியக் கத்தினார். பழைய அளவுக்கே திரும்ப வேண்டியதுதான் என்று நினைத்தேன்.

"டாக்டருக்குப் போன் போடவா?" என்றார் என் கணவர்.

"இருங்க." வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தேன். காதைப் பார்த்தேன். வயிற்றை அமுக்கினேன். "எங்கண்ணே வலிக்குது?"

அண்ணன் என் கையைத் தட்டிவிட்டு என் கணவரின் தட்டைக் காட்டினார். "திருடன்! என் மீனு!"

"அட, மச்சானுக்குக் கண்ணு நல்லாத்தான் தெரியுது." கணவர் தட்டிலிருந்த வறுத்த சங்கரா மீன் துண்டு அண்ணன் தட்டுக்குத் திரும்பியது. கத்தல் நின்றது.

இப்போது அண்ணன் விழாமல் நடக்கிறார். ஆனால் உதடுகள் தாமாகச் சுழிக்கின்றன. டார்டிவ் டிஸ்கினீசியா (நெடுநாள் மருந்தால் வரும், கட்டுப்படுத்த முடியாத அசைவு). அது நிற்காமலே போகலாம் என்கிறார் மருத்துவர். அந்த உதடுகளைத் துடைக்கும்போது என் கையெழுத்து கண்முன் வருகிறது.

முன்பெல்லாம் மதியம் முழுக்கத் தூங்குவார். நான் "அமைதி" என்று எழுதுவேன். இப்போது மூன்று மணிக்கு விழித்தபடி என் எதிரே உட்கார்ந்திருக்கிறார். இந்த மூன்று மணியை என்ன செய்வதென்று எங்கள் இருவருக்கும் இன்னும் சரியாகத் தெரியவில்லை.