தலையாட்டினாள் என்று எழுதிக்கொண்டவருக்கு

என் தங்கையின் வேலையைப் பறித்தது நீங்கள்தான், ஹெச்.ஆர். மேனேஜர் சார். தலைமை அலுவலகத்தைக் கை காட்டாதீர்கள். கடிதம்தான் அங்கிருந்து வந்தது. அவளை வெளியே தள்ளிய கை உங்களுடையது.

தங்கைக்குப் பிறந்ததிலிருந்தே காது கேட்காது. திருப்பதிக்கு வெளியே செல்போன் கேமரா பாகங்கள் செய்யும் உங்கள் தொழிற்சாலையில் நான் லைன் லீடராக இருந்தேன். காது கேளாத பெண்களை வேலைக்கு எடுக்கிறார்கள் என்று தெரிந்ததும், எங்கள் ஊரான நகரியில் கம்பெனி பஸ்ஸில் ஏற்றி அவளைக் கூட்டிப் போனது நான்தான். என் லைனில் அப்படி ஆறு பேர் இருந்தார்கள்.

தூசி படக் கூடாத அறை அது. உள்ளே போனால் எல்லோருக்கும் கண் மட்டும்தான் தெரியும். அப்போது ஒழுங்காகத்தான் செய்தீர்கள், இல்லை என்று சொல்லவில்லை. வாய்க்கு நேராகப் பிளாஸ்டிக் ஜன்னல் வைத்த மாஸ்க் வாங்கினீர்கள். தங்கை தமிழை உதட்டில் படிப்பாள். காலைக் கூட்டத்தில் தெலுங்கில் சொல்வதை, பாகாலாவிலிருந்து ரயிலில் வரும் ஒரு பெண் சைகையில் சொல்லுவாள். நீங்கள் போட்டோக்காரரோடு வந்து ஆறு பேருக்கும் நடுவில் நிற்பீர்கள். அவர்கள் சைகையில் உங்களுக்கு ஒரு பெயர் வைத்திருந்தார்கள். கண்ணுக்கு நேரே விரலை மடக்கி அமுக்குவது. போட்டோ என்று அர்த்தம். கேன்டீனில் யாராவது விரலை மடக்கினால் ஆறு பேரும் சோற்றை வைத்துவிட்டுச் சிரிப்பார்கள்.

பிறகு தலைமை அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. காது கேளாதவர்களுக்கென்று தனித் திட்டங்கள் இனி வேண்டாமாம். சுவரிலிருந்த போஸ்டரைக் கழற்றினீர்கள், அந்த ஆறு பேர் சிரிக்கும் போஸ்டரை. பாகாலா பெண்ணை வரவேண்டாம் என்றீர்கள். ஜன்னல் மாஸ்க் தீர்ந்தது, திரும்ப வாங்கவில்லை. நான் உங்கள் அறைக்கு வந்து கேட்டேன். கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னீர்கள்:

"இக்கட அந்தரூ சமானமே, அம்மா."

இங்கே எல்லோரும் சமம். ஆகவே எல்லோருக்கும் ஒரே மாஸ்க்.

அடுத்த மாதமே பாகங்களை ஒட்டும் பசை மாறியது. பழைய பசை காய மூன்று நிமிடம், புதியதற்கு ஆறு. இன்ஜினியர் இதை மாஸ்க்குக்குள்ளிருந்து தெலுங்கில் சொல்லி முடித்துத் தங்கையைப் பார்த்தார். அவள் தலையாட்டினாள்.

எதிரே இருப்பவர் பேசி முடித்து முகத்தைப் பார்த்தால் அவள் தலையாட்டுவாள். ஆட்டாவிட்டால் மக்கு என்பார்கள். சின்ன வயதிலேயே பழகிக்கொண்டது. எங்கள் வீட்டில் யாரும் அதை நம்புவதில்லை. சொன்னதைச் சைகையில் திருப்பிச் சொல்லவைத்த பிறகுதான் நகருவோம்.

அன்று நான் திருப்பிச் சொல்லவைக்கவில்லை. பயிற்சித் தாளில் "புரிந்தது" என்ற கட்டத்தில் அவள் கையெழுத்துப் போட்டாள். அதன் கீழே நானும் போட்டேன். லைனை ஓட்டத் தாமதமாகிவிட்டது, அவசரப்பட்டேன். என் தப்பு அதுதான். அதை ஒளிக்கப் போவதில்லை.

மதியத்துக்குள் அவள் ஒட்டி அனுப்பிய பாகங்கள், தட்டுத் தட்டாக, அத்தனையும் கழிவுக்குப் போயின. எல்லாவற்றையும் மூன்று நிமிடத்தில் எடுத்திருந்தாள். அவளை விசாரணைக்குக் கூப்பிட்டீர்கள். நானும் உள்ளே வருகிறேன் என்றதற்கு, வெளியே நில் என்றீர்கள். கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்துக்கொண்டு நின்றேன். மாஸ்க் போட்டபடியே காகிதத்தைப் படித்தீர்கள். படித்து முடித்து அவளைப் பார்த்தீர்கள். அவள் தலையாட்டினாள். "கவனக்குறைவை ஒப்புக்கொண்டார்" என்று எழுதினீர்கள். அதே வரி பணிநீக்கக் கடிதத்திலும் இருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு இரண்டு கம்பெனிகள் அவளைத் திருப்பி அனுப்பிவிட்டன.

வீட்டில் அம்மா என்னைத்தான் பிடித்துக்கொண்டாள். "அடுப்புல பால வெச்சிட்டு போறதுக்கே அவகிட்ட ரெண்டு தபா கேட்டுட்டுதான் போறோம். நீ கையெழுத்து போட்டுக்கினு வந்து நிக்கிற. வெளியாளு செஞ்சா பரவால்ல, நீ அக்காதானே?"

தங்கை உங்கள் சைகைப் பெயரை மாற்றிவிட்டாள். இப்போது உள்ளங்கையால் வாயை மூடிக் காட்டுகிறாள்.

நான் வேலையை விட்டேன். வரும்போது பயிற்சித் தாளையும் விசாரணைத் தாளையும் ஃபைலிலிருந்து உருவிக்கொண்டு வந்தேன். திருட்டு என்று கேஸ் போடுங்கள். போட்டால் எனக்குச் சந்தோஷம். கோர்ட்டில் உங்களை மாஸ்க்கைக் கழற்றிவிட்டுத்தான் பேசச் சொல்வார்கள்.

அடுத்த வாரம் சித்தூரில் கல்லூரி வேலைவாய்ப்பு முகாமில் நீங்கள் பேசுகிறீர்கள். நோட்டீஸ் பார்த்தேன். "எல்லோருக்கும் இடம்" என்பது உங்கள் தலைப்பு. அதே பழைய போட்டோ, நடுவில் நீங்கள், பக்கத்தில் என் தங்கை. அவளை நீக்கிவிட்டு அவள் முகத்தை வைத்து ஆள் சேர்க்கிறீர்கள். வெட்கமாக இல்லையா?

நாங்கள் முதல் வரிசையில் இருப்போம். ஆறு பேரில் தங்கையோடு சேர்த்து மூன்று பேர் வருகிறார்கள். மற்றவர்கள் இன்னும் உங்களிடம் வேலை பார்க்கிறார்கள், பயப்படுகிறார்கள். பாகாலா பெண் மேடைக்குப் பக்கத்தில் நின்று நீங்கள் பேசுவதைச் சைகையில் சொல்லுவாள். முதலில் என் தப்பை நானே எழுந்து சொல்வேன். பிறகு தங்கை சைகையில் கேட்பாள், நான் அதை உரக்கச் சொல்வேன். ஒரே கேள்விதான். அன்று அந்த அறையில் அவள் எதை ஒப்புக்கொண்டாள்?

அத்தனை பிள்ளைகள் முன்னால், மைக்கில், வாய் தெரிய, மெதுவாகப் பதில் சொல்லுங்கள். நீங்கள் தலையாட்டினால் நாங்கள் எழுதிக்கொள்ள மாட்டோம்.